எண்பது லட்சம் புள்ளிகள்

அன்புள்ள கார்த்திக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சிங்கப்பூரில் இறங்கியதும் அனுப்பிய செய்தியை அம்மாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். நீ கிளம்பிப் போய் நான்கு நாள் ஆகிறது. இந்த நான்கு நாளும் உன்னிடம் ஃபோனில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுக்கிறேன். ‘சாப்பிட்டியா, வேலை எப்படி இருக்கு’ என்பதோடு வாய் நின்றுவிடுகிறது. அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன். முழுசாக ஒரு கடிதம் எழுதிப் பல வருடம் ஆகிறது. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். படித்து முடித்தபின் என்மேல் உனக்கு எவ்வளவு கோபம் வந்தாலும் அது நியாயம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

துறையூரில் உன் நிச்சயதார்த்தத்தன்று பந்தியில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். சுகன்யாவின் பெரியப்பா உன் எதிரில் நின்றுகொண்டு, ‘‘மாப்ள, எங்க பொண்ணை நல்லா பாத்துக்குவீங்கல்ல?’’ என்று விளையாட்டாகக் கேட்டார். நீ சிரித்துக்கொண்டே, ‘‘எங்கப்பா எங்கம்மாவைப் பாத்துக்கறதைப் பாத்தீங்கல்ல? அதுல பாதி நான் செஞ்சாலே போதும் மாமா, உங்க பொண்ணு நல்லா இருக்கும்’’ என்றாய். பந்தியில் இருந்தவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் நான் அம்மாவின் விரலைப் பிடித்து, இலையில் கூட்டு எங்கே இருக்கிறது, அப்பளம் எங்கே இருக்கிறது என்று தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்தேன். ‘‘என்னப்பா, தலை சுத்துதா?’’ என்று நீ ஓடி வந்தாய். வெயில் என்று சொன்னேன். அது வெயில் இல்லை.

அம்மாவுக்குக் கண் போனது திடீரென்று நடந்தது என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். அது பொய், கார்த்தி. கண் போகப் பத்து மாதம் ஆயிற்று. அந்தப் பத்து மாதமும் அவள் என்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தாள். நான்தான் அதற்கெல்லாம் வேறு பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் டிவி செக்‌ஷனில் இத்தனை வருடமாக நிற்கிறேன். டப்பா டிவி போய்த் தட்டை டிவி வந்த நாளில் வாடிக்கையாளர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எச்டி ரெடி என்கிறான், ஃபுல் எச்டி என்கிறான், 4கே என்கிறான், என்னதான் வித்தியாசம் என்று கேட்பார்கள். கம்பெனிக்காரன் கொடுத்த காகிதத்தில் இருந்ததை அப்படியே ஒப்பிக்காமல், நானே உட்கார்ந்து புரிந்துகொண்டு சொல்லப் பழகினேன். திரை என்பது புள்ளிகளால் ஆனது. குறுக்கே எத்தனை புள்ளி, நெடுக்கே எத்தனை புள்ளி என்று பெருக்கினால் வருவதுதான் ரெசல்யூஷன். எச்டி ரெடியில் சுமார் பத்து லட்சம். ஃபுல் எச்டியில் இருபது லட்சம். 4கே என்றால் எண்பது லட்சத்துக்கும் மேல். ஆனால் டிவியில் எத்தனை புள்ளி இருந்தாலும் சேனல்காரன் அனுப்புவது நாலு லட்சம் புள்ளிதான் என்றால், மிச்சத்தை டிவி தானாக ஊகித்து நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் பெரிய டிவியில் பழைய சேனல் கலங்கலாகத் தெரிகிறது. பத்தடி தள்ளி உட்கார்ந்து சின்ன டிவி பார்ப்பவருக்கு ஃபுல் எச்டியும் ஒன்றுதான், எச்டி ரெடியும் ஒன்றுதான். கண்ணுக்கு அந்த வித்தியாசம் எட்டாது. இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல வாடிக்கையாளர்கள் தலையாட்டுவார்கள். முசிறியிலிருந்தும் லால்குடியிலிருந்தும் வருபவர்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வருவார்கள். அதில் எனக்குக் கர்வம் இருந்தது. அந்தக் கர்வத்தை வீட்டுக்கும் கொண்டு வந்தேன்.

போன வருடத்துக்கு முந்தின மார்கழியில், வைகுண்ட ஏகாதசி அன்று விடியற்காலை, ஸ்ரீரங்கத்திலிருந்து நேரடி ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது. முட்டி வலி வந்த பிறகு அம்மா கூட்டத்தில் போவதை விட்டிருந்தாள். திருவானைக்காவல் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான், இருந்தாலும் டிவியில் பார்ப்பாள். பரமபத வாசல் திறந்து பெருமாள் வெளியே வரும்போது, கை கூப்பிக்கொண்டே, ‘‘என்னங்க, பெருமாள் மொகமே தெரியலை. ஒரே வெளிச்சமா கலங்கியிருக்கு’’ என்றாள். நான் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். படம் உண்மையிலேயே கொஞ்சம் மோசமாகத்தான் இருந்தது. கூட்டமும் விளக்கும் ஒரே நேரத்தில் அசைந்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். ‘‘இது சாதா சேனல். எச்டி பாக்ஸ் போட்டாச் சரியாயிடும்’’ என்றேன். அந்த வாரமே பாக்ஸை மாற்றினேன். டிவிக்குப் பின்னால் இருந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைப் பிடுங்கிவிட்டு எச்டிஎம்ஐ கேபிள் போட்டேன். ‘‘இப்ப பாரு’’ என்றேன். அவள் பார்த்தாள். ‘‘பரவாயில்லைங்க’’ என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தப் பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். சாப்பிடும்போது உன் பல்லில் கல் கடிபட்டது. ‘‘என்னம்மா, கண்ணு தெரியலையா?’’ என்று நீ கேட்டாய். நான் சிரித்தேன், நீ சிரித்தாய், அவளும் சிரித்தாள். இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீ வருடத்தில் பத்து நாள் வருகிறவன், உனக்கு என்ன தெரியும்? நான் தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அதற்கு முந்தின தீபாவளியோடு அதை நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டதற்குக் கை வலிக்கிறது என்றாள். தைலம் வாங்கிக் கொடுத்தேன். இப்போது நினைத்தால், ஊசியில் நூல் கோக்க முடியாமல்தான் விட்டிருக்கிறாள். நீ ப்ளஸ் டூ படிக்கும்போதிருந்தே அவளுக்குச் சர்க்கரை. மாத்திரை எழுதித் தரும் டாக்டர் ஒவ்வொரு தடவையும், ‘‘வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணைக் காமிச்சிடுங்க’’ என்பார். ‘‘ஆகட்டும் சார்’’ என்பேன். ஒரு தடவை சீட்டே எழுதிக் கொடுத்தார். அதை ஃப்ரிட்ஜின் மேல் வைத்தேன். கண் நன்றாகத்தானே தெரிகிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சித்திரையில் திரும்பவும் சொன்னாள். சீரியலில் யார் பேசுகிறார்கள் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறதாம். நான் உன்னிடம் ஃபோனில் சொன்னேன். நீ உடனே, ‘‘அப்பா, அந்த முப்பத்திரண்டு இஞ்சைத் தூக்கிப் போடுங்க. உங்க கடையிலேயே அம்பத்தஞ்சு இஞ்ச் 4கே ஒண்ணு எடுங்க. அம்மாவுக்கு என் பரிசு’’ என்றாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கெல்லாம் விற்றேன், என் வீட்டுக்கு இப்போதுதான் வருகிறது. நானே ஆள் வைத்துக் கொண்டுவந்து, சுவரில் உயரம் அளந்து மாட்டினேன். எண்பது லட்சம் புள்ளி என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ‘‘எப்படி இருக்கு?’’ என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, ‘‘ரொம்ப நல்லா இருக்குங்க’’ என்றாள். அன்று என் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும். அதைக் கெடுக்க அவளுக்கு மனசு வந்திருக்காது.

ஆனால் நாற்காலியை முன்னால் முன்னால் இழுத்துக்கொண்டே போனாள். நான் கடையிலிருந்து வரும்போது டிவிக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருப்பாள். எனக்கு எரிச்சல் வரும். ‘‘இவ்ளோ பெரிய டிவிக்கு ஏழடியாவது தள்ளி உக்காரணும். கிட்ட போனா புள்ளி புள்ளியாத்தான் தெரியும், கலங்கத்தான் செய்யும். எத்தனை தடவை சொல்றது?’’ என்று கத்தியிருக்கிறேன். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இதைத் தாண்டி நாற்காலி வரக் கூடாது என்றேன். அவள் நாற்காலியைக் கோட்டுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கார்த்தி, அந்தக் கோடு என்னைக் கொல்கிறது. அந்த மூன்றடித் தூரத்தில் அவளுக்குத் தெரிந்துகொண்டிருந்த கொஞ்சத்தையும் நான் ஏழடிக்குத் தள்ளி வைத்தேன்.

ஆடியில்தான் அந்தக் கரும்புள்ளி வந்தது. ‘‘என்னங்க, டிவில நடுவுல கருப்பா ஒண்ணு தெரியுது. நூல் நூலாவும் ஓடுது’’ என்றாள். துணியால் துடைத்தேன். போகவில்லை என்றாள். எனக்கு எதுவும் தெரியவில்லை. திரையில் சில புள்ளி செத்துப்போவது உண்டு. எண்பது லட்சத்தில் ஒன்று இரண்டு எரியாமல் போனால் கிட்ட போய்ப் பார்த்தால்தான் தெரியும். வாங்கி நாலு மாதம்கூட ஆகவில்லையே என்று சர்வீசுக்குச் சொன்னேன். காட்டூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார், நாற்பது வயதிருக்கும். திரை முழுதும் வெள்ளை போட்டுப் பார்த்தார், சிவப்பு போட்டுப் பார்த்தார், பச்சை போட்டுப் பார்த்தார். ‘‘சார், பேனல் சுத்தமா இருக்கு. ஒரு புள்ளிகூடப் போகலை’’ என்றார். அம்மா எழுந்து வந்து, ‘‘இதோ, இங்க’’ என்று கை வைத்தாள். அடுத்த நிமிஷம் கொஞ்சம் தள்ளி, ‘‘இப்ப இங்க இருக்கு’’ என்றாள். அந்த மனிதர் அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். தயங்கித் தயங்கி, ‘‘சார், தப்பா எடுத்துக்காதீங்க. டிவில இருந்தா நமக்கும் தெரியணும்ல? அம்மாவுக்கு மட்டுந்தான் தெரியுது’’ என்றார்.

அவர் கிட்டத்தட்டச் சொல்லியே விட்டார். நான் அவரிடம் சண்டை போட்டேன். ‘‘இருபது வருஷமா டிவி விக்கிறேன், எனக்கே சொல்லித் தர்றீங்களா? பேனல் மாத்த மனசில்லைன்னு சொல்லுங்க’’ என்றேன். அவர் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். மாடிப்படி பாதியில் நின்று திரும்பிப் பார்த்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் அம்மா புள்ளியைப் பற்றிப் பேசவே இல்லை. போய்விட்டதா என்று ஒரு நாள் கேட்டேன். ‘‘ம்’’ என்றாள்.

புரட்டாசியில் ஒரு நாள் நான் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டேன். மத்தியானம் அவள் அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கடைக்கே வந்துவிட்டாள். நம்பர் தெரியாமல் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, யாரையோ கேட்டு ஏறினாளாம். கடையில் அப்போது கூட்டம் இல்லை. கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாம், ‘‘வாங்க அக்கா’’ என்று உட்கார வைத்தார்கள். எனக்கு அவளிடம் என் வித்தையைக் காட்ட வேண்டும் போல இருந்தது. வாடிக்கையாளர்களுக்கு நான் செய்து காட்டும் சோதனை ஒன்று உண்டு. எச்டி ரெடி ஒன்றும் 4கே ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டிலும் ஒரே படம் ஓடும், பச்சை இலை மேல் தண்ணீர்த் துளி. எது தெளிவு என்று கேட்பேன். யாராக இருந்தாலும் 4கேயைக் காட்டுவார்கள். அம்மாவை முன்னால் நிறுத்தி, ‘‘சொல்லு பாப்போம், எது தெளிவா இருக்கு?’’ என்றேன்.

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி அந்தச் சுவர் முழுக்க மாட்டியிருந்த டிவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ‘‘என்னங்க, நம்ம வீட்டு டிவில இருக்கற புள்ளி எல்லா டிவிலயும் இருக்குங்களே’’ என்றாள்.

அவள் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். ‘‘என் மூஞ்சியைப் பாரு’’ என்றேன். பார்த்தாள். ‘‘அதுலயும் இருக்குங்க’’ என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சுற்றி இத்தனை டிவியிலும் இலை மேல் தண்ணீர்த் துளி உருண்டுகொண்டே இருந்தது. சாப்பாட்டு டப்பா அப்படியே கல்லா மேஜை மேல் கிடந்தது. ஆட்டோ பிடித்துக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே நடந்ததைத்தான் உன்னிடம் சொல்லவே கூடாது என்று நினைத்திருந்தேன். சொட்டு மருந்து விட்டு, இருட்டறையில் வைத்து வெகுநேரம் பார்த்தார் டாக்டரம்மா. விழித்திரையில் ரத்தக்குழாய் கசிந்திருக்கிறது, ஒரு கண்ணில் திரையே இழுத்துக்கொண்டு பிரிய ஆரம்பித்திருக்கிறது என்றார். விழித்திரை என்ற சொல்லை எத்தனையோ தடவை கேட்டிருப்பேன். அதற்குள்ளேயே திரை இருப்பது அன்றுதான் காதில் விழுந்தது. ‘‘எவ்ளோ நாளாம்மா இப்படி இருக்கு?’’ என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா சொல்லிவிட்டாள், ‘‘ரெண்டு மாசமாத்தாங்க டாக்டர்.’’ டாக்டர் நம்பவில்லை. ‘‘ரெண்டு மாசத்துல இவ்ளோ ஆகாதே’’ என்று என்னைப் பார்த்தார். ‘‘சார், இதுக்கு முன்னாடி இவங்க உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா? மங்கலா தெரியுதுன்னு?’’ அம்மாவின் கை மேஜைக்கு அடியில் என் கையை அழுத்தியது. நான், ‘‘இல்லைங்க’’ என்றேன்.

அவ்வளவுதான். அவள் எனக்காகப் பொய் சொன்னாள். நான் எனக்காகப் பொய் சொன்னேன். ‘‘ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா லேசர், ஊசின்னு எவ்வளவோ காப்பாத்தியிருக்கலாம்’’ என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். ஆறு மாதத்துக்கு முன் நான் சுவரில் உயரம் அளந்துகொண்டிருந்தேன். மற்றதெல்லாம் உனக்குத் தெரியும். ஊசி போட்டார்கள், மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்தோம். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சம் தெரியும், முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் தெரியும். அவ்வளவுதான் மிஞ்சியது.

நீ அழுதுகொண்டே ஓடி வந்தாய். ஆஸ்பத்திரி வராண்டாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ‘‘அப்பா, நான் வாங்கித் தந்த பெரிய டிவியைக் கிட்ட உக்காந்து பாத்துப் பாத்துத்தான் அம்மாவுக்கு இப்படி ஆச்சா?’’ என்று கேட்டாய். ‘‘இல்லடா, சர்க்கரைதான். திடீர்னு ஆயிடுச்சு’’ என்றேன். டிவி பார்த்து இந்த மாதிரிக் கண் போகாது என்பது உண்மை. ஆனால் நீ முழுசாக நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை வந்தபோதுகூட ஹாலில் அந்த டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தாய். நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பாரம் ஒரே நிமிஷத்தில் உன்னை விட்டு இறங்கியிருக்கும். என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அதை உன் தலையிலேயே விட்டு வைத்தேன். செய்ததிலெல்லாம் இதுதான் கேவலம் என்று நினைக்கிறேன். அதை இறக்கி வை, கார்த்தி. நீ கொடுத்தது பரிசுதான். அதில் ஒரு குற்றமும் இல்லை.

நீ கிளம்பிய அன்று மத்தியானம் வீடு வெறிச்சென்று இருந்தது. அம்மா உன் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே, ‘‘கிளம்பறப்ப மொகத்தைத் தடவினேன், இவன் மீசையை எப்ப எடுத்தான்?’’ என்று கேட்டாள். நீ மீசை வைத்ததே இல்லையே என்றேன். விரிப்பை மடித்த அவள் கை நின்றுவிட்டது. ‘‘போன தடவையும் அதுக்கு முந்தின தடவையும் வந்தப்ப உதட்டுக்கு மேல கருப்பா தெரிஞ்சுதே. மீசை வச்சிருக்கான், அவங்கப்பா மாதிரியே இருக்கான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்’’ என்றாள். கடைசியாக உன் முகத்தைத் தெளிவாகப் பார்த்தது எப்போது என்று கேட்டேன். யோசித்துப் பார்த்து, நீ முதன்முதலாகச் சிங்கப்பூர் போனபோது ஏர்போர்ட் வாசலில் என்றாள். பச்சைக் கட்டம் போட்ட சட்டை, வலது கை பொத்தான் ஒன்று இல்லை என்றுகூடச் சொன்னாள். அந்த முகத்தைத்தான் அவள் வைத்துக்கொண்டிருக்கிறாள். சுகன்யாவைப் பொறுத்தவரை அவளிடம் அப்படி ஒரு முகம்கூடக் கிடையாது. நிச்சயதார்த்தத்தில் அந்தப் பெண்ணின் நெற்றியையும் கன்னத்தையும் தடவிக்கொண்டே இருந்தாளே, நீயும் பார்த்தாய். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ‘‘கண்ணு பெரிசா? பல்லு எப்படி? சிரிச்சா கன்னத்துல குழி விழுதா?’’ என்று கேட்டுக்கொண்டே வந்தாள். இத்தனை வருடம் படத்தின் தெளிவைப் பற்றிப் பேசிய எனக்கு ஒரு பெண்ணின் முகத்தைச் சொல்லத் தெரியவில்லை. ‘‘நல்லா இருக்கும்மா, லட்சணமா இருக்கு’’ என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவளே கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

நான் இன்னும் அதே கடையில்தான் நிற்கிறேன். யாராவது வயதானவர்கள் வந்து பழைய டிவி தெளிவாக இல்லை, பெரிதாகக் காட்டுங்கள் என்றால், ‘‘சர்க்கரை இருக்கா? கண்ணு எப்ப பாத்தீங்க?’’ என்று கேட்டுவிடுகிறேன். டிவி விற்க வந்தீர்களா, கண்ணாடி விற்க வந்தீர்களா என்று மேனேஜர் ஒரு நாள் கத்தினார். கத்தட்டும்.

கல்யாணம் ஆகப் போகிறவனுக்கு அப்பா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். ஊருக்குச் சொல்லும் புத்தி என்னிடம் இல்லை, பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று இருக்கிறது. உனக்கு உன் வேலையில் நல்ல அறிவு. எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பாய், அதில் நீ என்னைப் போல. சுகன்யா ஒரு நாள் ஏதாவது சரியில்லை என்பாள். வீடு இருட்டாக இருக்கிறது என்பாள், சமையலில் ருசி தெரியவில்லை என்பாள், சத்தம் தாங்கவில்லை என்பாள். உடனே பல்பை மாற்ற ஓடாதே. அவள் பக்கத்தில் உட்கார். என்ன தெரிகிறது, எப்போதிலிருந்து, வேறு எங்கேயும் அப்படி இருக்கிறதா என்று கேள். நான் எச்டி பாக்ஸைப் பற்றிச் சொன்னது சரி, ஒயரைப் பற்றிச் சொன்னது சரி, தூரத்தைப் பற்றிச் சொன்னதும் சரி. அத்தனையும் சரியாக இருந்ததால்தான் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பத்து மாதத்தில் ஒரே ஒரு தடவை அவள் கண்ணைப் பார்த்து, ‘‘உனக்கு என்னம்மா தெரியுது?’’ என்று கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கண்தான் தெரியவில்லை என்று ஏன் சொல்லவில்லை என்று அவளிடம் ஒரு நாள் கேட்டேன். ‘‘நீங்க டிவியைப் பத்தி எல்லாம் தெரிஞ்சவரு. டிவிலதான் கோளாறுன்னு நீங்க சொன்னா அதுதான் சரியா இருக்கும்னு நெனச்சேன்’’ என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இதுவரை எழுதியதை இன்று சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்குத் தெரியாமல் அனுப்ப மனசு இல்லை. டாக்டர் ரூமில் நடந்ததைப் படிக்கும்போது, ‘‘அதை எடுத்துடுங்களேன்’’ என்றாள். எடுக்க மாட்டேன் என்றேன். ‘‘அப்ப நான் சொல்றதையும் எழுதுங்க. ஒரு வார்த்தை மாத்தக் கூடாது’’ என்றாள். அவள் சொன்னது இது:

‘‘கார்த்தி, அம்மா சொல்றேன். டிவி தெரியலைன்னு நான்தான் சொன்னேன். கண்ணு தெரியலைன்னு ஒரு நாளும் சொல்லலை. அப்புறம் உங்கப்பாவுக்கு எப்படித் தெரியும்? கோபம் வந்தா ரெண்டு நாள் இரு, மூணாவது நாள் ஃபோன் பண்ணிடணும். கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடியே வா. முடி கொட்டுதுன்னு சொன்னியே, தலைக்கு எண்ணெய் வச்சு விடறேன். சுகன்யாவை என்னைப் பாக்க வரச் சொல்லு. நெத்தியைத் தொட்டுப் பாத்தேன், நல்ல அகலம்.’’

ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிவிட்டேன். அவள் சொல்வதை அன்புக்காக வைத்துக்கொள். நடந்தது நான் சொன்னதுதான். நீ ஃபோன் செய்தாலும் சரி, செய்ய நாளானாலும் சரி, நான் காத்திருக்கிறேன்.

தானும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். பேனாவைக் கையில் கொடுத்து, விரலைத் தாளின் அடிப்பகுதியில் கொண்டுபோய் வைத்தேன். என்னை விடச் சொல்லிவிட்டு அவளாகவே எழுதினாள். ‘வசந்’ வரைக்கும்தான் தாளில் இருக்கிறது. ‘‘சரியா விழுந்திருக்கா?’’ என்று கேட்டாள்.

‘‘கடைசி ‘தா’ மேஜை மேல போயிடுச்சும்மா’’ என்றேன்.

‘‘பரவாயில்லை’’ என்றாள். ‘‘அவன் படிச்சுக்குவான்.’’

அப்பா